ரிம்மில் ஏறினால் போதுமா? போர் வீல் டிரைவ் மெசினுக்கு டயர் எடுக்குமுன்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயல் இரணைமடுவுக்குக் கீழே, கிளிநொச்சியில். மச்சான்தான் பார்க்கிறார். போன வருஷம் கைமாறி வாங்கிய 50 குதிரைவலு போர் வீல் டிரைவ் உழவு இயந்திரம் ஒன்று நிற்கிறது. முன்னுக்கு 8.3-20, பின்னுக்கு 13.6-28. பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன, முன் டயர்கள் பாதி தேய்ந்திருக்கின்றன. பஞ்சிகாவத்தையில் விசாரித்தேன். 13.6-28 கைவசம் இல்லையாம், 14.9-28 இருக்கிறதாம். "அதே ரிம்மில் ஏறும், உயரமும் கூட, சேற்றில் புதையாது, விலையும் பார்த்துச் செய்கிறேன்" என்கிறார் கடைக்காரர். பெரும்போகம் வருகிறது, உடனே எடுத்து லொறியில் போடு என்று மச்சான் அவசரப்படுத்துகிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் கடைக்காரரோடு கதைத்து அதை வேறு சாமானுக்கு மாற்றப் பாருங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பெரிய பொய் இல்லை. டயர் அளவில் முதல் இலக்கம் அகலம், பின் இலக்கம் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 28 அங்குல ரிம்மில் 14.9-28 ஏறும். உயரம் கூடத்தான். சேற்றில் கொஞ்சம் மேலே நிற்கும், அதுவும் சரி. ஆனால் அவர் உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: முன் சில்லும் சேர்ந்து இழுக்கிற மெசினா?

இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் நாட்டில் 'டூ வீல்' என்றால் கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற லாண்ட்மாஸ்டர், 'போர் வீல்' என்றால் ஏறியிருந்து ஓட்டுகிற பெரிய மெசின். சில்லை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறோம், எந்தச் சில்லு இழுக்கிறது என்று பார்த்து இல்லை. நீங்கள் 'போர் வீல்' என்று சொல்லியிருப்பீர்கள், அவர் மனதில் வந்து நின்றது பின் சில்லு மட்டும் இழுக்கிற பழைய மாசி பேர்கசன். அந்த மெசினுக்கு அவருடைய ஆலோசனை பெரிய பிழையில்லை, ஏனென்றால் அதில் முன் சில்லு சும்மா உருண்டு வருகிறது, பின்னால் என்ன டயர் போட்டாலும் அதற்குக் கவலையில்லை. உங்களுடையது அப்படியில்லை. அடுத்த முறை கடைக்குப் போனால் "முன் அச்சும் இழுக்கிற மெசின்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்படி என்ன வித்தியாசம்? உங்கள் மெசினில் முன் அச்சும் பின் அச்சும் கியர்களால் பிணைக்கப்பட்டவை. முன் சில்லையும் இழுக்க வைக்கிற லீவரைப் போட்டுவிட்டால், பின் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது முன் சில்லு இத்தனை சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும் என்பது பல்சக்கரத்தில் எழுதப்பட்ட கணக்கு, அதை யாரும் பேசித் தீர்க்க முடியாது. அந்தக் கணக்கைத் தொழிற்சாலையில் போடும்போதே முன் டயரின் உயரத்தையும் பின் டயரின் உயரத்தையும் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதுவும் இரண்டும் சரிசமமாக ஓடும்படி இல்லை, முன் சில்லு ஒரு துளி வேகமாக ஓடும்படி. சாதாரணமாக 1 முதல் 5 சதவீதம் வரை. முன் சில்லு மண்ணைக் கடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும், ஸ்டியரிங் திருப்பின பக்கம் தலை போக வேண்டும், அதற்காகத்தான் இந்த முந்தல். திருப்பத்தில் முன் சில்லு பின் சில்லைவிடப் பெரிய வட்டம் போட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது, அதற்கும் இது உதவுகிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். கணக்குக்காகச் சில இலக்கங்களை எடுக்கிறேன். டயர் மேக்கருக்கு மேக்கர் இவை கொஞ்சம் மாறும், ஆனால் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கும். 8.3-20 ஒரு சுற்றுக்கு 2.70 மீற்றர் போகிறது, 13.6-28 ஒரு சுற்றுக்கு 3.90 மீற்றர் போகிறது, பின் சில்லு ஒரு சுற்றுக்கு முன் சில்லு ஒன்றரைச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சில்லு 3.90 மீற்றர் போகிற நேரத்தில் முன் சில்லு 2.70 ஐ 1.5 ஆல் பெருக்கி 4.05 மீற்றர் போகப் பார்க்கும். 4.05 ஐ 3.90 ஆல் வகுத்தால் 1.038. அதாவது முன் சில்லு 3.8 சதவீதம் முந்துகிறது. அருமை, இப்படித்தான் இருக்க வேண்டும்.

பின்னுக்கு 14.9-28 போடுங்கள். அது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.07 மீற்றர். முன் சில்லு இப்போதும் அதே 4.05தான். முந்தல் போய் அரைச் சதவீதம் பின்தங்கல். இது முன் டயர் புதிதாக இருந்தால் வருகிற கணக்கு. உங்கள் முன் டயர் பாதி தேய்ந்தது என்கிறீர்கள். ஆரையில் 12 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் சுற்றளவில் 75 மில்லிமீற்றர் போய்விட்டது, 2.70 இப்போது 2.625. இதை 1.5 ஆல் பெருக்கி 4.07 ஆல் வகுத்துப் பாருங்கள், முன் சில்லு 3.3 சதவீதம் பின்தங்கி ஓடும். இழுக்க வேண்டிய முன் சில்லை இப்போது பின் சில்லு பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய போர் வீல் டிரைவ், பிரேக்காக வேலை செய்கிறது.

வயலில் இது உடனே தெரியாது, அதுதான் இதில் உள்ள கள்ளத்தனம். சேறு வழுக்கும், இந்தச் சண்டையை மண் விழுங்கிக்கொள்ளும், மச்சான் "நல்லா இழுக்குது" என்று போன் எடுத்துச் சொல்வார். வரம்பேறி காய்ந்த தரைக்கு வந்ததும் ஸ்டியரிங் கனக்கும், வளைத்தாலும் தலை நேரே போகப் பார்க்கும், லீவரை எடுத்தால் கியர் விடாமல் இறுகி நிற்கும். அப்படி இறுகினால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும். அதற்குப் பிறகும் அதையே தொடர்ந்து செய்தால் முன் டயர்கள் மடமடவென்று தேயும், முன் அச்சின் ஒயில் சுடும், கடைசியில் முன் அச்சின் பல்சக்கரங்களில் செலவு வரும். டயரில் மிச்சம் பிடித்த காசு அங்கே நாலு மடங்காகப் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தொழிலுக்கு வந்து மூன்றாம் வருஷம், கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜில் நின்ற காலம், நானே இந்தப் பிழையைச் செய்தேன். அளவு மாற்றிக்கூடப் போடவில்லை. டயரில் இருந்த அதே இலக்கத்தைப் பார்த்துத்தான் பின்னுக்கு இரண்டு புது டயர் போட்டு அனுப்பினேன். ஒரு போகம் முடிந்து மெசின் திரும்பி வந்தபோது முன் டயரின் பூ, அதாவது மண்ணைக் கடிக்கிற கட்டைகள், சவரம் செய்த மாதிரி இருந்தது. முன் அச்சின் ஒயிலைத் திறந்து விட்டேன். ஒயில் சாம்பல் நிறத்தில், வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி தூவினது போல் மினுங்கிக்கொண்டு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநற. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அளவு ஒன்றாக இருந்தும் எங்கே பிழைத்தது? பூவில். டயரின் பக்கவாட்டில் ஆர்-1, ஆர்-1 டபிள்யூ, ஆர்-2 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். ஆர்-1 சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே செய்தது, அதன் கட்டைகள் ஆர்-1இன் கட்டைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரம். கட்டை 25 மில்லிமீற்றர் கூடினால் விட்டம் 50 கூடும், சுற்றளவு 157 கூடும், 3.90 மீற்றர் டயரில் அது 4 சதவீதம். முன்னுக்குத் தேய்ந்த ஆர்-1, பின்னுக்குப் புதிய ஆர்-2. நான் செய்தது அதுதான். 13.6-28 என்ற எழுத்து இரண்டு டயரிலும் ஒன்றுதான், தரையில் அவை ஒன்றில்லை. நெல்வயல் என்று சொன்னவுடன் கடையில் "உயரப் பூ இருக்கிறது, தரவா" என்று கேட்பார்கள், அது நல்ல டயர்தான், ஆனால் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்துத்தான். அதிலும் உங்கள் மெசின் நெல் ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியில் நிறைய ஓடுகிறதென்றால் ஆர்-2 வேண்டாம், தாரில் அந்த உயரக் கட்டைகள் வளைந்து வளைந்து சீக்கிரம் தேயும், ஓட்டுகிறவருக்கும் இடுப்பு விட்டுப்போகும்.

சரி, இனி என்ன செய்வது? பழைய டயர்களைக் கழற்றுவதற்கு முன்னால் மச்சானைக் கொண்டு ஒரு வேலை செய்வியுங்கள். ஒரு வெண்கட்டி, மேசன்மார் பாவிக்கிற நீட்டு டேப், எண்ணத் தெரிந்த இரண்டு பேர், இவ்வளவும் போதும். டயர்களின் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஒரே பக்கத்து முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் வெண்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். முதலில் நாலு சில்லும் இழுக்கிற லீவரைப் போட்டு, உழுது காய்ந்த பொலபொலத்த மண்ணில், தாரில் இல்லை, கீழ்க் கியரில் நேர்கோட்டில் மெல்ல ஓட்ட வேண்டும். ஒருவர் பின் சில்லைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்து பத்துச் சுற்று எண்ணட்டும், மற்றவர் அதே நேரத்தில் முன் சில்லு எத்தனை சுற்று என்று எண்ணட்டும். கடைசிச் சுற்று முழுதாக முடியாது, பாதியில் நிற்கும். அப்போது கோட்டிலிருந்து எத்தனை கட்டை தாண்டியிருக்கிறது என்று எண்ணி, டயரில் ஒரு பக்கத்தில் உள்ள மொத்தக் கட்டைகளால் வகுத்தால் மிச்சப் பங்கு கிடைத்துவிடும். பத்துக்குப் பதினைந்து வந்தால் உங்கள் கியர் விகிதம் 1.5. டயர் மொட்டையாக இருந்தாலும் இந்த இலக்கம் மாறாது, அது பல்சக்கரத்தின் கணக்கு. மெசினோடு வந்த கைநூல் கையில் இருந்தால் அதிலும் இந்த விகிதம் இருக்கும், ஆனால் கைமாறின மெசினுக்குக் கைநூல் எங்கே வரப்போகிறது!

இரண்டாவது, லீவரை எடுத்துவிட்டு, களத்துச் சீமெந்துத் தரையிலோ தார் வீதியிலோ அதே பத்துச் சுற்று. தொடங்கின இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையில் டேப்பை வைத்து அளந்து பத்தால் வகுத்தால் பின் டயரின் உருளும் சுற்றளவு. முன் டயருக்கும் அப்படியே. டயரைச் சுற்றிக் கயிறு கட்டி அளக்க வேண்டாம். பாரத்தில் டயர் அமுங்கும், உருளும்போது போகிற தூரம் கயிறு காட்டுகிறதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இந்த மூன்று இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது "13.6-28 இருக்கிறதா" என்பது மட்டுமில்லை, "இந்த மேக்கரின் 13.6-28 இற்கு ரோலிங் சர்க்கம்பரன்ஸ் எவ்வளவு" என்பது, அதாவது அந்த உருளும் சுற்றளவு. நல்ல மேக்கர் எல்லோரும் இதை அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள், கடைக்காரர் போனில் தேடிக் காட்ட மாட்டேன் என்றால் நீங்களே தேடலாம். ஒரே அளவு எழுதின இரண்டு மேக்கர் டயருக்கு இடையில்கூட ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் வரும்.

என் உதாரண இலக்கங்களையே வைத்துச் சொன்னால், முன் டயர் புதிதாக இருந்தால் பின் டயரின் சுற்றளவு 3.86 இலிருந்து 4.01 மீற்றர் வரை இருக்கலாம், முந்தல் 1 இற்கும் 5 இற்கும் இடையில் நிற்கும். உங்கள் முன் டயர் தேய்ந்தது என்பதால் அந்த எல்லை 3.75 இற்கும் 3.90 இற்கும் இடையில் என்று இறங்கிவிடுகிறது. ஆகவே புதிய 13.6-28 போட்டால்கூட நீங்கள் 1 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்பீர்கள், முன் டயர் இன்னும் கொஞ்சம் தேய்ந்ததும் கீழே போய்விடும். அதனால்தான் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள் என்று சொல்கிறேன். காசு கையைக் கடிக்கும், தெரியும். ஒரேயடியாக முடியாவிட்டால் பின் இரண்டையும் இப்போது போட்டு, சுற்றளவு குறைவாக உள்ள மேக்கராகப் பார்த்து எடுத்து, முன் இரண்டையும் அடுத்த சிறுபோகத்துக்குள் மாற்றிவிடுங்கள். தலைகீழாக, மொட்டைப் பின் டயரை வைத்துக்கொண்டு முன்னுக்கு மட்டும் புதிது போட்டுவிடாதீர்கள். பின் டயரில் 25 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் முந்தல் 8 சதவீதத்தைத் தாண்டும், அப்போது முழு மெசினையும் முன் அச்சு ஒன்றே இழுக்கப் பார்க்கும்.

மச்சானுக்கு உயரமான டயர்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பின்னுக்கு 14.9-28 போடுகிற நாளில் முன்னுக்கும் அதே வீதத்தில் ஏறுங்கள். முன்பிருந்த முந்தல் அப்படியே இருக்க வேண்டுமென்றால் முன் டயர் 2.82 மீற்றர் அளவில் வர வேண்டும், 9.5-20 இதற்குக் கிட்ட வரும், மேக்கரின் அட்டவணையில் பார்த்து உறுதிப்படுத்துங்கள். ஆனால் ரிம்மின் அகலத்தைப் பார்க்க வேண்டும், 13.6 இற்கு டபிள்யூ12, அதாவது 12 அங்குல அகல ரிம், 14.9 இற்கு டபிள்யூ13 என்பதுதான் வழக்கம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் எங்கேயும் உரசுகிறதா, மட்காட்டுக்கு இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, அதே கியரில் மெசின் 4 சதவீதம் வேகமாக ஓடும், மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர் போட்டால் மண்கட்டி கொஞ்சம் பெரிதாக விழும். எனக்கென்றால் இந்தச் சிரமம் தேவையில்லை.

மற்றவை சுருக்கமாக. 13.6-28 கிடைக்காமல் 340/85 ஆர் 28 என்று ஒன்றைக் காட்டினால் பயப்படாதீர்கள், அது 13.6 ஆர் 28 இன் மில்லிமீற்றர் பெயர்தான், ரேடியல் டயர். 420/70 ஆர் 28 உம் கிட்டத்தட்ட அதே உயரம், அகலம்தான் கூட, ஆகவே ரிம் ஒத்துவருமா என்று கேளுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலோன் (குறுக்கு நூல் போட்ட சாதாரண டயர்) என்று கலக்கவே கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்பதும் அப்படித்தான். பாரத்தாங்கும் அளவு, அதாவது 8 பிஆர் போன்ற எழுத்து, பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக்கூடாது. டயரில் நாலு இலக்கத் தயாரிப்புத் திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. கொழும்பு வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே பல வருஷம் கிடந்த டயருக்குப் புது டயர் விலை கொடுக்காதீர்கள், வாங்குமுன் கட்டைகளின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் விரித்துப் பாருங்கள்.

"14.9ஐப் போட்டுவிட்டு முன் லீவரைத் தொடாமல் ஓட்டினால் சரிதானே" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கணக்குப்படி சரிதான். மச்சான் தொடவும் மாட்டார். ஆனால் அறுவடை நேரம் கூலிக்கு ஓட்ட வருகிற பையன், பெட்டி நிறைய நெல்லோடு வாய்க்கால் கரையில் சில்லு சுற்றினதும், முதல் வேலையாக அந்த லீவரைத்தான் இழுப்பான். அவனுக்கு யார் சொல்வது?

அதுவரை இருக்கிற மொட்டை டயரோடு வயலில் சமாளிக்கலாம், தார் வீதிக்கு ஏறுமுன் லீவரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மச்சான் எண்ணிய பிறகு அந்த மூன்று இலக்கத்தையும், டயரின் பக்கவாட்டில் இருக்கிற எழுத்து முழுவதையும் எழுதி அனுப்புங்கள், எந்த மேக்கர் ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.